நாராயணம்மா நிலத்தில் படுத்த எங்கள் ஆடுகள்

“அக்கா, ஆடு வந்தாச்சு. நாலஞ்சு நாளா கிடை போட்டிருக்காங்க. ஆனா நம்ம நிலத்துல இல்ல. உடனே கெளம்பு.”

என் தங்கை ஸ்டெல்லா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் நாட்குறிப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன். செய்தி வந்தது ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கோயிலில், பிரசங்கத்தின் நடுவில். அன்றைய பிரசங்கம் நல்ல மேய்ப்பனைப் பற்றியது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் அன்று தசமபாகக் காணிக்கையைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் இந்தத் தொடரின் ஒரே பெருமை.

ஆண்டை மட்டும் எழுதவில்லை. ஸ்டெல்லாவின் கணவர் அருள்ராஜ் கேட்டுக்கொண்டார். “அக்கா, எதை வேணா எழுதுங்க. வருஷம், தேதி மட்டும் வேணாம். நம்ம நிலத்தைக் கேட்ட அந்த லேஅவுட்காரர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவர்.”

பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். புத்தகத்தில் முத்திரை குத்துவதற்கு முன் தேதியை இரண்டு தடவை பார்த்துப் பழகிய கை. தேதி இல்லாமல் ஓர் அத்தியாயம் எழுதுவது எனக்கு உப்பில்லாத குழம்பு. இருந்தாலும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆடு எதற்கு?

ஸ்டெல்லா லிங்கராஜபுரத்தில் இருக்கிறாள். ஒரு தனியார் கம்பெனியில் சம்பளப் பட்டியல் பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் மாமியார் வழியில் மாலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வந்தது. செம்மண், கொஞ்சம் சரிவு. போர் போட்டார்கள், புழுதி வந்தது. ஆகவே மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் வேடிக்கை.

ஓய்வு பெற்ற மறுவாரமே, “நான் ராகி போடப்போறேன்” என்றாள். யாரும் தடுக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் கித்தார் கற்றுக்கொள்கிறார்கள், கேக் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். ராகி அதைவிடச் சத்தம் குறைவு.

ஆனால் இரண்டு வருஷம் போட்டும் ராகி வரவில்லை. அதே நேரத்தில் வீட்டுமனை பிரித்து விற்கிற ஒரு லேஅவுட்காரர் நிலத்தைக் கேட்டார். ஸ்டெல்லாவின் மகள் பிரியா எலெக்ட்ரானிக் சிட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். நிலத்தை விற்றால் அவளுக்கு அங்கேயே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம். அருள்ராஜ் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. “மூணாவது வருஷமும் பாரு ஸ்டெல்லா. ராகி வந்தா நிலம் உன்னுது, நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா கிறிஸ்துமஸுக்கு வித்துடலாம்.”

“சரி” என்று அவள் சாப்பாட்டு மேசையில், என் முன்னால் வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வருஷத்துக்கான அவளுடைய கடைசி நம்பிக்கைதான் அந்த ஆடுகள்.

ராகிக்குப் பதில் கரண்டி

முதல் இரண்டு வருஷமும் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாவிட்டால் ஆட்டின் அருமை தெரியாது.

முதல் வருஷம் மாலூர்க் கடைவீதியில் கேட்டு மூட்டை உரம் வாங்கினாள். கடைக்காரர் சொன்ன அளவுக்குமேல், ‘நம்ம நிலம் பாவம்’ என்று ஒரு பங்கு கூடுதலாகவே போட்டாள். உரம் போட்ட மறுநாளிலிருந்து மழை நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாத இடத்தில் உப்பை அள்ளிப் போட்டால் பயிர் என்ன செய்யும்? நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. பாசம் மிகுந்து பிள்ளையைக் கெடுத்த கதை.

இரண்டாவது வருஷம் பிரியா ஒரு யோசனை சொன்னாள். அவள் குடியிருப்பில் முந்நூறு வீட்டுச் சமையல் கழிவும் மக்கி உரமாகிறதாம். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அசோசியேஷன்காரர்கள் தவிக்கிறார்களாம். “மம்மி, ஃப்ரீயா குடுப்பாங்க. டெம்போ மட்டும் நீங்க புடிங்க.”

டெம்போ போயிற்று. டோல் பாலத்தின் மேலே, ஐ.டி. கம்பெனிக் கார்களின் நடுவே, முந்நூறு குடும்பங்களின் வாழைப்பழத் தோல் மாலூருக்கு ஊர்வலம் வந்தது. நானும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அன்று போட்டிருந்த சேலையை அதன்பின் கட்டவில்லை.

உரம் பாதிதான் மக்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ந்த நிலத்தில் அரைகுறையாக மக்கியதைப் போட்டால் கரையானுக்குக் கல்யாண விருந்து. அது வந்து உட்கார்ந்து முதலில் உரத்தைத் தின்றது; பிறகு ராகி வேரைத் தின்றது. மிஞ்சியது முந்நூறு வீட்டுச் சமையலறைகளில் காணாமல் போன பொருட்கள். எவர்சில்வர் கரண்டிகள், ஒரு காய் சீவி, ஒரு பொம்மைக் காரின் சக்கரம். கரண்டிகளை ஸ்டெல்லா கழுவி, ஒரு பையில் போட்டு, குடியிருப்பு வாசலில் வைத்தாள். யாரும் உரிமை கொண்டாடவில்லை.

இதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். பழைய ஜில்லா விவரணங்கள், வேளாண்மைக் கையேடுகள், கையில் கிடைத்ததெல்லாம். எல்லாவற்றிலும் வறண்ட நிலத்துக்குச் சொல்லப்பட்ட ஒரு பழைய வழி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது: கிடை. கோடையில் மந்தையோடு வரும் மேய்ப்பவரை அழைத்து, செம்மறி ஆடுகளை இரவில் நம் வயலில் வலை கட்டிப் படுக்க வைப்பது. ஒரு ராத்திரி ஓரிடம், மறு ராத்திரி பக்கத்து இடம். பாய் விரித்த மாதிரி நிலம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் இறங்கும். கூலிக்கு ராகியும் ஒரு வேளைச் சோறும். வண்டி வேண்டாம், கூடை வேண்டாம். உரம் தானே நடந்து வந்து தானே படுத்துக்கொள்ளும்.

“ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்ற பழமொழியை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வருஷமே பலன்! அவளுக்கு இருந்ததும் அந்த ஒரு வருஷம்தான். அன்றே பீரப்பா என்ற மேய்ப்பவரின் போன் நம்பரைத் தேடிப் பிடித்தாள்.

வெள்ளைக் கல்

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோயிலிலிருந்து நேராகக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் மாலூர் வண்டி பிடித்தேன். நான் போய்ச் சேரும்போது நிலத்து வரப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இடுப்பில் கை வைத்து ஸ்டெல்லா. தலையில் துண்டு கட்டிய பீரப்பா. மூன்றாவது, மேல் நிலத்துக்காரர் நாராயணம்மா; அறுபதைத் தாண்டியவர், கையில் களைக்கொத்து, முகத்தில் அடக்க முடியாத சந்தோஷம்.

அந்தப் பக்கத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். முடிந்தவரை தமிழாக்கித் தருகிறேன்.

“போன்ல அவ்வளவு தெளிவா சொன்னேனே பீரப்பா! புளியமரத்துக்குக் கீழ இருக்கற நிலம்னு சொன்னேனா இல்லையா?” என்றாள் ஸ்டெல்லா.

“சொன்னீங்க மேடம். வந்தேன். பார்த்தேன். அது நிலமா? சைட்டு!”

“சைட்டா?”

“பின்ன? ஒரு புல்லு இல்ல, ஒரு சருகு இல்ல. கல்யாண சத்திரம் மாதிரி கூட்டி வெச்சிருக்கீங்க. நாலு மூலைக்கும் சுண்ணாம்பு அடிச்ச கல்லு வேற. லேஅவுட் போட்டாச்சுன்னு நெனச்சேன். சைட்டுல போய் யாராச்சும் ஆட்டைப் படுக்க வெப்பாங்களா? மேடம் மேல் நிலத்தைத்தான் சொல்லியிருப்பாங்கன்னு அங்க போட்டேன். அங்க அறுத்த பயிரோட தாளாவது இருக்கு, ஆடு கடிக்க.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஆடு வரப்போகிறது என்றதும் ஸ்டெல்லா, விருந்தாளி வருவதற்கு முன் வீடு துடைக்கிற பழக்கத்தில், நிலத்திலிருந்த தாள், சருகு, காய்ந்த களை எல்லாவற்றையும் கூலிக்கு ஆள் வைத்துக் கூட்டிக் கொளுத்திவிட்டாள். வெயிலுக்கு மண்ணை மூடியிருந்த போர்வை அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அருள்ராஜ் தன் பங்குக்கு, செல்போன் மேப்பில் எல்லை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான்கு மூலைக் கல்லுக்கும் வெள்ளை அடித்தார். மாலூர்ப் பக்கத்தில் வெள்ளைக் கல் என்றால் ஒரே அர்த்தம்தான். பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வயலை வீட்டுமனையாக அலங்கரித்து வைத்திருந்தார்கள்.

“சந்தேகம்னா ஒரு போன் பண்ணக்கூடாதா?” என்று பீரப்பாவைக் கேட்டேன்.

“சார்ஜ் இல்ல அம்மா.”

“நாலு நாளாவா?”

“ஆட்டுக்கு நடுவுல பிளக்பாயின்ட் எங்க இருக்கு?”

நாராயணம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான் ஒண்ணும் கூப்பிடல மேடம். காலையில எழுந்து பார்த்தா என் நிலத்துல முந்நூறு ஆடு. சாமி குடுத்துச்சுன்னு நெனச்சேன். பார்த்தா நீங்க குடுத்ததாம்.”

“அந்த எரு எங்களுது அம்மா,” என்றாள் ஸ்டெல்லா.

“எடுத்துக்கோங்க தாயி. கூடை வேணுமா?”

பீரப்பா தலையை ஆட்டினார். “புழுக்கையை வாரலாம். மூத்திரத்தை எதுல வாருவாங்க? சத்துல பாதி அதுலதான் இருக்கு.”

“மழை வரட்டும். என் நிலம் மேடு, உங்களுது பள்ளம். தானா எறங்கி வந்துடும்,” என்றார் நாராயணம்மா. சொல்லிவிட்டுத் தன் வரப்பை ஒரு பார்வை பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு இறுகக் கட்டிய வரப்பு. எறும்பின் கண்ணீர்கூட அதைத் தாண்டாது.

பீரப்பாவின் மந்தைக்கு இனி நாள் இல்லை. வேறு ஊரில் வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்டெல்லா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இந்த வருஷம் ராகி வரலைன்னா அவ்வளவுதான்கா,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஏன் அவ்வளவுதான் என்று நாராயணம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் களைக்கொத்தால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு செய்யலாம்,” என்றார். “இந்த ஒரு வெள்ளாமைக்கு நீங்க என் நிலத்துல போடுங்க. நான் உங்க நிலத்துல போட்டுக்கறேன். ஆட்டு எரு அந்த வருஷம்தானே வேலை செய்யும்? அறுத்துட்டு அவங்கவங்க நிலத்துக்குப் போயிடலாம்.”

நான் படித்துக் கண்டுபிடித்த பழமொழி அவர் வாயில் சும்மா கிடந்திருக்கிறது.

“ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமா?” என்றேன். பழக்கம் விடுமா?

“எழுதினாத்தான் அம்மா சண்டை வரும். எழுதலைன்னா ரெண்டு பேரும் கொஞ்சம் பயந்து நடப்போம்.”

ஸ்டெல்லா எழுந்து நின்று, “சரி” என்றாள். அந்தக் குடும்பத்தில் ‘சரி’ என்ற சொல்லை என் தங்கையைப்போலத் துணிச்சலாகச் சொல்பவர் யாரும் இல்லை. அன்று மாலையே ஏர் பிடித்து, வெயில் சத்தைக் குடித்துவிடுவதற்கு முன் புழுக்கையை மண்ணுக்குள் புரட்டினார்கள்.

சென்ற வார வாசகருக்கு ஒரு பதில்

கதைக்கு நடுவே ஒரு குறிப்பு. எங்கள் தெருத் தண்ணீர் லாரியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், லாரி வந்தது செவ்வாய் அல்ல, புதன் என்று திருத்தியிருக்கிறார். நாட்குறிப்பைப் பார்த்தேன். செவ்வாய்தான். புதன்கிழமை வந்தது அடுத்த தெருவுக்கு. அவர் அடுத்த தெருக்காரர் என்று நினைக்கிறேன்.

பசித்த நிலம்

அருள்ராஜுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஆடு மாறிப் படுத்ததுக்கு நிலத்தையே மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். பிறகு ரொம்ப நேரம் சட்னியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஆனி போயிற்று, மழை இல்லை. ஆடியில் காற்று மட்டும் வந்தது. ஆடி கடைசியில் ஒரு மாலை வானம் இறங்கிக் கொட்டியது. மறுநாள் ஸ்டெல்லா மேல் நிலத்தில் ராகி விதைத்தாள். அதற்குப் பிறகும் மழை கஞ்சத்தனமாகத்தான் வந்தது. ஆனால் இந்த முறை பயிர் கருகவில்லை. வெயில் அடித்த நாட்களில் வாடி, சாயங்காலம் நிமிர்ந்து, அப்படியே காலம் தள்ளியது. பச்சை என்றால் ஒரு கருத்த பச்சை. ஸ்டெல்லா அதைப் படம் எடுத்து அனுப்பாத நாள் இல்லை. என் போனில் பேரப்பிள்ளைகளின் படத்தைவிட ராகிப் படம் அதிகம்.

அவளுக்கு ஒரே ஒரு வருத்தம். நாராயணம்மா கீழே எங்கள் நிலத்தில் ராகி போடவில்லை. மழைக்கு முன்னாலேயே புழுதியில் அவர் விதைத்து வைத்திருந்தது துவரை. ஊடே கொஞ்சம் அவரை.

“ஏம்மா, எங்க நிலத்துல ராகி வராதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டேவிட்டாள்.

“உங்க நிலத்துக்குப் பசி மேடம். ராகி போட்டா இருக்கறதையும் புடுங்கித் தின்னும். துவரைன்னா குடுத்துட்டுத் தின்னும்.”

துவரை மெதுவாக எழுந்தது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. ராகி கதிர் விடும்போது அது இன்னும் பூவே பூக்கவில்லை.

மகசூலும் வழக்கும்

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் தொடங்கும்போது ராகி அறுத்தார்கள். எத்தனை மூட்டை என்று எழுதப் போவதில்லை. அதுவும் அருள்ராஜின் வேண்டுகோள். முதல் இரண்டு வருஷத்தையும் சேர்த்து ஒரு அண்டாவில் போடலாம். இதற்கு டெம்போ தேவைப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்டெல்லா அன்று ராகி முத்தை, அதாவது களி உருண்டை, செய்து எங்கள் எல்லோரையும் அழைத்தாள். பிரியாவும் வந்திருந்தாள். அருள்ராஜ் இரண்டு உருண்டை சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, பிறகு சொன்னார்.

“ராகி நல்லா இருக்கு ஸ்டெல்லா. ஆனா இது நாராயணம்மா நிலத்துல வெளஞ்சது. நம்ம நிலத்துல வெளஞ்சா நிலம் உன்னுதுன்னுதானே பேச்சு?”

எங்களால் கோபப்பட முடியவில்லை, அவர் சொன்னது கணக்குப்படி சரி. “டாடி, இது டூ மச்,” என்றாள் பிரியா. ஃபிளாட் அவளுக்குத்தான். அவளே அப்படிச் சொன்னதும் அருள்ராஜ் கொஞ்சம் திகைத்தார். ஆனால் லேஅவுட்காரரை வரச் சொல்லியாகிவிட்டது.

ஸ்டெல்லா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். “நானும் வரேன். யாரு வாங்கறாங்கன்னு பார்க்கணும்,” என்றாள்.

காஞ்சா அறுப்பேன்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நாங்கள் காரில் போனோம். லேஅவுட்காரர் தன் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். புளியமரத்தருகே இறங்கி நிலத்தைப் பார்த்தார்.

நிலம் தெரியவில்லை. ஆளுயரத் துவரை. மேலே மஞ்சள் பூ, கீழே பச்சைக் காய், நடுவில் அவரைக் கொடி. எங்கள் வெள்ளைக் கற்கள் எந்த மூலையில் இருந்தன என்றே தெரியவில்லை. உள்ளே எங்கோ களைக்கொத்தின் சத்தம் கேட்டது. பிறகு நாராயணம்மாவின் தலை தெரிந்தது.

“யார் பயிர் இது?” என்றார் லேஅவுட்காரர்.

“என்னுது.”

“நிலம் இவங்களுதுதானே?”

“நிலம் அவங்களுது. பயிர் என்னுது.”

“எப்ப அறுப்பீங்க?”

“காஞ்சா அறுப்பேன்.”

“எப்பம்மா காயும்?”

“செடியைக் கேளுங்க, எனக்கெப்படித் தெரியும்? பூவே இன்னும் முடியலையே. அப்புறம் அவரை இருக்கு.”

லேஅவுட்காரர் அருள்ராஜைத் தனியாக அழைத்துப் பேசினார். பயிர் நிற்கிற நிலத்தில் கல் நட முடியாது, வம்பு வரும், சங்கராந்திக்குள் அளவு எடுத்தால்தான் அவருடைய தொழில் பங்குதாரர்கள் ஒப்புவார்கள், இல்லாவிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறார். அருள்ராஜ் நாராயணம்மாவிடம் வந்தார்.

“அம்மா, கொஞ்சம் முன்னாடி வெட்டிக்கிட்டா, நஷ்டத்துக்கு நான்...”

“காய்க்கிற செடியை வெட்டச் சொல்றீங்களா?” என்றார் நாராயணம்மா. சத்தம் போடவில்லை. வியப்போடுதான் கேட்டார்.

அருள்ராஜ் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை; ஒரு துவரைக் காயை உரித்து மென்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் போய், “அந்தப் பக்கத்து இடத்தையே பாருங்க சார்,” என்று லேஅவுட்காரரிடம் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் கார் ஹொஸ்கோட்டையைத் தாண்டும்போது அருள்ராஜ் தானாகவே சிரிக்க ஆரம்பித்தார். “ஆட்டுல ஆரம்பிச்சு என்னைத் துவரையில கட்டிப் போட்டுட்டாங்க,” என்றார்.

துவரை தை பிறந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அறுபட்டது. உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடந்தது. அருள்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். “கூட்டிடாத,” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். அடுத்த மழைக்கு ஸ்டெல்லா தன் நிலத்திலேயே ராகி போட்டாள். வந்தது. நாராயணம்மாவும் மேல் நிலத்தில் ராகி போட்டார். அதுவும் நன்றாகவே வந்தது. ஆட்டு எரு மறு வருஷத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் போலிருக்கிறது.

தீராத ஒரு கேள்வி

குறுகிய காலத் துவரையும் உண்டு. சீக்கிரம் காய்த்து ராகியோடு சேர்ந்தே அறுபடும். நாராயணம்மா போட்டது நீண்ட காலத் துவரை. அதை அவர் விதைத்தபோது, கிறிஸ்துமஸுக்கு நிலம் விலை போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியுமா?

ஸ்டெல்லா, தெரியும் என்கிறாள். ஆனால் விற்கப்போவதை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. நாராயணம்மா மறு வருஷத்துக்குத் தன் நிலத்தில் மிஞ்சும் எருவைக் கணக்குப் போட்டு, நல்ல பக்கத்து நிலத்துக்காரரையும் இழக்க விரும்பாமல் செய்தார் என்று அருள்ராஜ் சொல்கிறார். பீரப்பா கோடையிலேயே எல்லோரிடமும் ‘அது சைட்டு’ என்று சொல்லித் திரிந்தார் என்பது உண்மை. நான் நாராயணம்மாவிடம் நேரில் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, “வீட்டுல இருந்த விதை அதுதான்” என்றார். இரண்டாம் முறை, “உங்களுக்கு ஒரு படி துவரை வேணுமா?” என்றார்.

துவரையை வாங்கிக்கொண்டேன். கேள்விக்கு நேரான இடத்தில், ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.